‘இல்லை’ என்னும் விடையின் வரலாறு: இணையச் சேவையக நிலைக்குறியீடுகளும் உள்ளகக் கணினிச் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

இணையச் சேவையகம் ஒவ்வொரு கேள்விக்கும் தரும் மறுமொழியின் தொடக்கத்தில் ஒரு மூன்று இலக்க எண் நிற்கிறது. 200, 301, 404, 500 முதலிய இவ்வெண்கள் நிலைக்குறியீடுகள் எனப்படுகின்றன. 1970களில் கோப்புப் பரிமாற்றத்திற்காகவும், பின்னர் மின்னஞ்சலுக்காகவும் வகுக்கப்பட்ட எண்முறையிலிருந்தே இவை உருப்பெற்றன. அம்முறை வலைக்கு வந்தபோது எதிர்மறை விடைகளைப் பகுக்கும் அடிப்படை மாறியது. ‘இத்தடை தற்காலிகமானதா, நிலையானதா’ என்ற காலப் பகுப்பின் இடத்தில் ‘தவறு கேட்டவருடையதா, சேவையகத்தினுடையதா’ என்ற பொறுப்புப் பகுப்பு வந்தது. இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. அதனால் இணைய ஆவணங்களின் மேற்கோள் நம்பகத்தன்மைக்கு நேர்ந்த விளைவையும், நிலைக்குறியீடுகளை உள்ளகக் கணினியிலேயே சோதிக்கும் வழக்கத்தின் பயனையும் எல்லையையும், தமிழ் எழுத்துகளாலான முகவரிகளை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிலைக்குறியீடு, இணையச் சேவையகம், உள்ளகக் கணினி, ஆர்.எஃப்.சி. ஆவணங்கள், 404, 410, ஒருங்குறி, இணைய மேற்கோள்.

முன்னுரை

ஆய்வாளர் ஒருவர் கட்டுரையொன்றின் அடிக்குறிப்பிலுள்ள இணைய முகவரியைத் திறக்கிறார். ‘பக்கம் காணப்படவில்லை’ என்ற அறிவிப்பு வருகிறது. அப்பக்கம் நீக்கப்பட்டதா, வேறிடத்திற்கு மாற்றப்பட்டதா, முகவரியில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்ததா, நாளை மீண்டும் கிடைக்குமா என்பவற்றுள் எதனையும் அவ்வறிவிப்பு சொல்வதில்லை. நூலகத்தில் ஒரு நூலைக் கேட்கும்போது, ‘இரவலில் உள்ளது’, ‘தொலைந்துவிட்டது’, ‘எங்கள் சேமிப்பில் இருந்ததே இல்லை’ என்னும் மூன்று விடைகளும் வெவ்வேறானவை. ஆய்வாளரின் அடுத்த செயல் அவ்விடையைப் பொறுத்தே அமையும். வலையில் இம்மூன்றும் பெரும்பாலும் 404 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்நிலை ஏன் உருவாயிற்று என்பது வரலாற்று வினா. அதற்கான விடை, இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில் பதிவாகியுள்ளது. அவ்வாவணங்களைக் கால வரிசையில் ஒப்பிட்டு, எண்களின் பொருள் மாறிய இடங்களைக் காட்டுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஒரு சேவையகம் உண்மையில் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதை அறிய உள்ளகக் கணினிச் சோதனை எவ்வளவு தூரம் உதவும் என்பதைக் காண்பது இரண்டாம் நோக்கம்.

எண்ணும் சொல்லும்: கோப்புப் பரிமாற்றத்தின் மரபு

அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை அனுப்புவதற்கான முதல் நெறிமுறையை அபய் பூஷண் 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணமாக வெளியிட்டார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணியில் பயின்ற அவர், அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். அந்நெறிமுறை 1972-இலும் 1973-இலும் திருத்தப்பட்டபோது, கேட்கப்பட்ட கணினி தன் விடையை மூன்று இலக்க எண்ணாகவும் அதனைத் தொடரும் ஒரு சிறு சொற்றொடராகவும் தரும் வழக்கம் உருவாயிற்று.

இவ்வழக்கத்தை முறைப்படுத்தியது ஜான் போஸ்டல் 1974 ஜூனில் எழுதிய ஆர்.எஃப்.சி. 640 ஆகும். எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் விடைக்குறியீடுகளைத் திருத்தி அமைத்த அவ்வாவணம், மூன்று இலக்கங்களுக்கும் தனித்தனிப் பணிகளை வகுத்தது. முதல் இலக்கம் விடையின் தன்மையைக் காட்டும். 1 என்பது தொடக்கநிலை உடன்பாடு, 2 என்பது நிறைவுற்ற உடன்பாடு, 3 என்பது மேலும் செய்தி வேண்டி நிற்கும் இடைநிலை உடன்பாடு, 4 என்பது தற்காலிக மறுப்பு, 5 என்பது நிலையான மறுப்பு. இரண்டாம் இலக்கம் விடை எந்தத் துறையைச் சார்ந்தது என்பதைக் காட்டும். தொடரமைப்பு, இணைப்பு, அடையாளச் சரிபார்ப்பு, கோப்பு முறைமை என்பன அத்துறைகளுள் சில. மூன்றாம் இலக்கம் நுண்வேறுபாட்டைக் குறிக்கும்.

இம்முறை 1982 ஆகஸ்டில் வெளிவந்த மின்னஞ்சல் நெறிமுறையான ஆர்.எஃப்.சி. 821-இலும், 1985 அக்டோபரில் வெளிவந்த எஃப்.டி.பி. நெறிமுறையான ஆர்.எஃப்.சி. 959-இலும் நிலைபெற்றது. எண் நிரலுக்கு உரியது, சொற்றொடர் மனிதருக்கு உரியது என்ற பகுப்பை ஆர்.எஃப்.சி. 959 வெளிப்படையாகக் கூறுகிறது. நிரல் எண்ணைக் கொண்டு தன் அடுத்த நிலையைத் தீர்மானிக்கும். சொற்றொடரைச் சேவையகத்தை நடத்துவோர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

விடைகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழ் இலக்கண மரபிற்குப் புதிதன்று. நன்னூல் விடையைச் சுட்டு, மறை, நேர் முதலாக எட்டு வகையாகப் பகுக்கிறது. அப்பகுப்பு விடை எவ்வடிவில் அமைகிறது என்பதைப் பொறுத்தது. எஃப்.டி.பி. பகுப்போ, விடையைப் பெற்றவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தது. 4 வந்தால் அதே கேள்வியைச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்கலாம்; 5 வந்தால் அதே கேள்வியை அதே வடிவில் மீண்டும் கேட்பதால் பயனில்லை. கோப்பு வேறொருவரின் பயன்பாட்டில் இருந்தால் 450 என்றும், கோப்பே இல்லையென்றால் 550 என்றும் ஆர்.எஃப்.சி. 959 வரையறுத்தது. மின்னஞ்சலிலும் அஞ்சல்பெட்டி வேறு பணியில் ஈடுபட்டிருந்தால் 450, அது இல்லாவிட்டால் 550. நூலக உவமையில் கூறுவதானால், ‘இரவலில் உள்ளது’ என்பதும் ‘இங்கு இல்லை’ என்பதும் முதல் இலக்கத்திலேயே வேறுபட்டன.

எண் இல்லாத வலை

ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தம் முன்மொழிவை அளித்தார். 1990 இறுதியில் முதல் இணையச் சேவையகமும் முதல் உலாவியும் இயங்கத் தொடங்கின. இரண்டும் அவருடைய நெக்ஸ்ட் கணினியில் உருவானவை. கேட்கும் நிரலும் விடையளிக்கும் நிரலும் ஒரே கணினியில் அடுத்தடுத்து இயங்கின. இன்று உள்ளகக் கணினிச் சோதனை எனப்படும் அமைப்பே வலையின் பிறப்பிடமாகவும் இருந்தது என்பது இதனால் பெறப்படுகிறது.

பின்னர் எச்.டி.டி.பி. 0.9 எனப் பெயர் பெற்ற 1991-ஆம் ஆண்டு நெறிமுறையில் நிலைக்குறியீடு எதுவும் இல்லை. ‘கெட்’ என்ற ஒரே கட்டளையும் முகவரியும் அனுப்பப்படும், சேவையகம் எச்.டி.எம்.எல். உரையை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். பிழை நேர்ந்தாலும் அதுவும் மனிதர் படிக்கத்தக்க உரையாகவே வந்தது. பிழை விடையையும் சரியான விடையையும் உரையைப் படித்துத்தான் வேறுபடுத்த முடியும் என்பதை அந்நெறிமுறையின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எஃப்.டி.பி. மரபில் எண்ணும் சொல்லும் இணைந்து நின்றன. இங்குச் சொல் மட்டுமே எஞ்சியது. படிப்பவர் மனிதராக இருந்தவரை இது குறையாகத் தோன்றவில்லை. பக்கங்களைச் சேமிக்கும் இடைநிலைச் சேவையகங்களும் பக்கங்களைத் தேடித் தொகுக்கும் நிரல்களும் பெருகத் தொடங்கியபோது, படிக்காமலே புரிந்துகொள்ளத்தக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. சேர்னில் அடுத்து உருவான வரைவுகளில் மூன்று இலக்க எண் மீண்டும் இடம்பெற்றது.

காலத்திலிருந்து பொறுப்புக்கு

1996 மேயில் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், ஹென்ரிக் ஃப்ரிஸ்டிக் ஆகியோர் பெயரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1945, எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறையை ஆவணப்படுத்தியது. அதில் மூன்று இலக்க வடிவமும், முதல் இலக்கமே வகையைக் காட்டும் என்ற விதியும் தொடர்ந்தன. எதிர்மறை வகைகளின் பொருளோ மாறிவிட்டது. 4 என்பது கேட்பவரின் பிழை எனவும், 5 என்பது சேவையகத்தின் பிழை எனவும் வரையறுக்கப்பட்டன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எஃப்.டி.பி.யில் 550 ஆக, அதாவது நிலையான மறுப்பாக இருந்த ‘கோப்பு இல்லை’ என்னும் விடை, வலையில் 404 ஆயிற்று. 4 என்ற இலக்கத்திற்குப் பழைய பொருளில் ‘பிறகு வருக’ என்ற குறிப்பு இருந்தது. புதிய பொருளில் ‘நீங்கள் கேட்டதில் பிழை’ என்ற குறிப்பு மட்டுமே உண்டு. இந்நிலை தற்காலிகமானதா நிலையானதா என்பதை 404 காட்டாது என ஆர்.எஃப்.சி. 1945 தெளிவாகவே கூறுகிறது. சேர்ன் வளாகத்தில் 404 என்ற எண்ணுடைய அறையில் முதல் சேவையகம் இருந்ததாகவும் அதிலிருந்தே இவ்வெண் வந்ததாகவும் பரவலாக ஒரு கதை வழங்குகிறது. பெர்னர்ஸ்-லீயுடன் பணியாற்றிய ராபர்ட் கயோ அதனை மறுத்துள்ளார். 4 என்ற வகைக்குள் 400, 401, 403 ஆகியவற்றை அடுத்து இவ்வெண் நிற்கும் முறையும், மேற்காட்டிய எண்மரபும் அக்கதைக்குத் தேவையில்லாமல் செய்துவிடுகின்றன.

பொறுப்புப் பகுப்பு வலைக்குப் பொருத்தமானது என்பதையும் மறுக்க இயலாது. மின்னஞ்சல் நிரல் ஒரே மடலைப் பல மணி நேரம் மீண்டும் மீண்டும் அனுப்ப முயலும் இயல்புடையது. அதற்குக் காலச் செய்தி இன்றியமையாதது. வலையில் கேட்பவர் திரைமுன் காத்திருக்கும் மனிதர். முகவரியைத் தாம் சரிபார்க்க வேண்டுமா, சேவையகத்தை நடத்துவோர் சரிசெய்ய வேண்டுமா என்பதே அவருக்கு முதல் வினா. ஆகவே இம்மாற்றம் அக்காலத் தேவைக்கு ஏற்றதே. வலை ஓர் ஆவணக் காப்பகமாகவும் மேற்கோள் மூலமாகவும் மாறியபோதுதான் இழந்த காலச் செய்தியின் தேவை வெளிப்பட்டது.

அவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சி விரைவில் தொடங்கியது. 1997 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2068, 410 என்ற எண்ணை வரையறுத்தது. கேட்ட பொருள் முன்பு இருந்தது, இப்போது நீக்கப்பட்டுவிட்டது, அந்நிலை நிலையானதாகக் கருதத்தக்கது என்பது அதன் பொருள். நிலையானதா என்பது சேவையகத்திற்குத் தெரியாவிட்டால் 404 சொல்ல வேண்டும் என்றும் அவ்வாவணம் விதித்தது. ஒரு பக்கம் முன்பு இருந்தது என்பதை நினைவில் கொள்ளும் ஏற்பாடு சேவையகத்தில் இல்லையென்றால் 410 சொல்ல முடியாது. கோப்பு நீக்கப்பட்டவுடன் அதன் நினைவும் நீங்கிவிடும் எளிய சேவையகத்தில், யாரேனும் ஒருவர் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தாலன்றி 410 வராது. எனவே 404 என்பது பெரும்பாலும் சேவையகத்தின் மறதியைக் குறிக்கும் எண்ணாகவே அமைந்துவிட்டது. அன்றியும், ஒரு பொருள் இருப்பதையே மறைக்க விரும்பினால் 403 என்ற தடை எண்ணுக்கு மாற்றாக 404 தரலாம் என்பதையும் நெறிமுறை அனுமதிக்கிறது. இதனால் அவ்வெண்ணின் பொருள் மேலும் விரிந்தது.

காலப் பகுப்பு 3 என்ற வகையில் மட்டும் தெளிவாக எஞ்சியது. 301 நிலையான இடமாற்றம், 302 தற்காலிக இடமாற்றம். படிவச் செய்திகளை அனுப்பும் ‘போஸ்ட்’ கட்டளைக்கு 302 வந்தபோது, உலாவிகள் அதனைக் ‘கெட்’ கட்டளையாக மாற்றி அனுப்பின. நெறிமுறையின் கருத்து அதுவன்று. எழுதப்பட்ட விதியும் நடைமுறையும் முரண்பட்டபோது நடைமுறையைத் திருத்த இயலவில்லை. 303, 307 என்ற புதிய எண்களே சேர்க்கப்பட்டன. 301-க்கு இணையான 308 என்ற எண் 2015 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 7538 வழியே நிலைபெற்றது. ‘இல்லை’ என்பதற்கான காரணத்தைச் சொல்லும் எண்களும் பெருகின. சட்டக் காரணங்களால் ஒரு பக்கம் தடுக்கப்பட்டதைக் குறிக்கும் 451, டிம் ப்ரே எழுதிய ஆர்.எஃப்.சி. 7725 மூலம் 2016 பிப்ரவரியில் வரையறுக்கப்பட்டது. நூல்கள் எரிக்கப்படும் சமூகத்தைச் சித்திரித்த ரே பிராட்பரியின் நாவல் தலைப்பை அவ்வெண் நினைவூட்டுகிறது.

புதிய எண்கள் சேர்ந்தும் பழைய நிரல்கள் செயலிழக்காததற்குக் காரணம் முதல் இலக்க விதியே. அறியாத எண் வந்தால் அதன் வகையின் முதல் எண்ணாகக் கொள்ள வேண்டும் என்ற விதியை விளக்க, ஆர்.எஃப்.சி. 1945, 431 என்ற எண்ணை எடுத்துக்காட்டியது. அதனைப் பெறும் நிரல் 400 என்றே கருதலாம். 2012 ஏப்ரலில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6585, தலைப்புச் செய்திகள் அளவு மீறியதைக் குறிக்க அதே 431-ஐ உண்மையான குறியீடாக்கியது. 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7231 தன் எடுத்துக்காட்டை 471 என மாற்றிக்கொண்டது. போஸ்டல் வகுத்த முதல் இலக்க முறை நாற்பதாண்டுகள் கழித்தும் பயன்பட்டது என்பதை இதனால் அறியமுடிகின்றது.

சொல்லின் நிலை வேறு. எண்ணைத் தொடரும் ஆங்கிலச் சொற்றொடரை அந்தந்த வட்டார வழக்கிற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என 1990களின் ஆவணங்கள் கூறின. ஆனால் அச்சொற்றொடருக்குரிய எழுத்துத் தொகுதி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8859-1 ஆக இருந்ததால், தமிழில் நேரடியாக எழுத அங்கு இடமில்லை. 2015 மேயில் வெளிவந்த எச்.டி.டி.பி. 2 நெறிமுறை அச்சொற்றொடரை முற்றிலும் நீக்கி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. 1991-இல் சொல் மட்டும் இருந்தது. 2015-இல் எண் மட்டும் எஞ்சியது. மனிதருக்கான விளக்கம் அதன்பின் பக்கத்தின் உள்ளடக்கத்தையே முழுவதும் சார்ந்தது.

உள்ளகக் கணினி: சோதனைக் களம்

சொற்றொடர் மறைந்தபின், திரையில் தெரியும் உரையும் உள்ளே செல்லும் எண்ணும் ஒத்துள்ளனவா என்பதைச் சோதித்தே அறியவேண்டியுள்ளது. அச்சோதனை பெரும்பாலும் தன் கணினியிலேயே நிகழ்கிறது. இதற்கு அடிப்படை 127 என்று தொடங்கும் முகவரித் தொகுதி. அம்முகவரிகள் கணினியை விட்டு வெளியே செல்லக்கூடாது என 1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1122 விதித்தது. 1,67,77,216 முகவரிகள் கொண்ட அத்தொகுதியில் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது 127.0.0.1 ஒன்றே, அதன் பெயர் லோக்கல்ஹோஸ்ட். 1999 ஜூனில் ஆர்.எஃப்.சி. 2606 அப்பெயரையும் ‘டெஸ்ட்’, ‘எக்ஸாம்பிள்’, ‘இன்வேலிட்’ என்ற பெயர்களையும் எவருக்கும் விற்கப்படாதவாறு ஒதுக்கி வைத்தது. யூனிக்ஸ் வழி வந்த இயக்குதளங்களில் 1024-க்குக் குறைந்த போர்ட் எண்களைத் திறக்க நிர்வாகி உரிமை தேவை. ஆகையால் வலைக்குரிய 80-ஐ விடுத்து 8080, 8000 போன்ற எண்கள் சோதனைக்கு வழக்காயின. பைத்தான் மொழியுடன் வரும் சிறு சேவையகம் இயல்பாக 8000-இல் இயங்குகிறது.

தொடக்கத்தில் டெல்நெட் நிரல் வழியே கட்டளையைக் கையால் தட்டச்சு செய்து விடையின் முதல் வரியைப் பார்ப்பதே சோதனையாக இருந்தது. உள்ளடக்கத்தை விடுத்துத் தலைப்புச் செய்திகளை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ கட்டளை எச்.டி.டி.பி. 1.0-இலேயே இருந்தது. டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் வெளியிட்ட கர்ல் என்ற கருவி இப்பணியை எளிதாக்கியது. அக்கருவியின் ஓர் இயல்பு இங்குக் கருதத்தக்கது. சேவையகம் 404 சொன்னாலும் கர்ல் இயல்பாகத் தன் பணி வெற்றி என்றே முடிக்கும். அனுப்பியதும் பெற்றதும் முறையாக நடந்தன என்பது அதன் கணக்கு. 400-ம் அதற்கு மேற்பட்ட எண்களும் தோல்வியாகக் கொள்ளப்பட வேண்டுமெனில் அதற்கான தெரிவைப் பயனர் தனியே தர வேண்டும். அப்போது 22 என்ற பிழை எண்ணுடன் முடியும். விடை வந்ததா என்பதும், விடை என்ன என்பதும் வேறுவேறு வினாக்கள் என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது. சேவையகமே இயங்காதபோது உலாவி காட்டும் இணைப்பு மறுப்புச் செய்தியும் இத்தகையது. அது நிலைக்குறியீடு அன்று. அங்கு விடையே இல்லை.

உள்ளகச் சோதனையில் நன்கு அறியத்தக்கவை சில உண்டு. இல்லாத முகவரிக்கு எந்த எண் வருகிறது, நீக்கிய பக்கத்திற்கு 410 அமைக்கப்பட்டுள்ளதா, இடம் மாறிய பக்கம் 301 சொல்கிறதா, படிக்கும் உரிமை மறுக்கப்பட்ட கோப்பு 403 தருகிறதா என்பன அவை. அங்கு மறைந்துபோகும் வேறுபாடுகளும் உண்டு. விண்டோஸ், மேக் இயக்குதளங்களின் கோப்பு முறைமைகள் இயல்பாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். எனவே தன் கணினியில் 200 சொன்ன முகவரி லினக்ஸ் சேவையகத்தில் 404 சொல்லலாம். 502, 504 ஆகிய எண்கள் இடைநிலைச் சேவையகம் ஒன்று இருந்தாலன்றித் தோன்றா. ஒருமுறை 301 பெற்ற உலாவி அதனைச் சேமித்து வைத்துக்கொள்வதால், சேவையகத்தில் திருத்திய பின்னரும் பழைய திசைமாற்றமே தொடர்வதுண்டு. அந்நிலையில் சோதிப்பவர் காண்பது உலாவியின் நினைவை. சேவையகத்தின் விடையை அன்று.

தமிழ் முகவரிகளும் ‘இல்லை’ என்னும் விடையும்

இவ்வேறுபாடு தமிழ்க் கோப்புப் பெயர்களில் மேலும் நுட்பமாக வெளிப்படுகிறது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூ.டி.எஃப்.-8 முறையில் 3 பைட்டுகளைப் பெறுகிறது. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்துகளாக எழுதப்படுவதால், ஒரு தமிழ்க் குறி 9 எழுத்துகளாகிறது. ‘தொகை’ என்ற சொல் த, ொ, க, ை என 4 குறிகள் கொண்டது. முகவரியில் அது 36 எழுத்துகள்.

ஒகர உயிர்மெய்க் குறியான ‘ொ’ ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதப்படலாம். ‘ெ’, ‘ா’ என்ற இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதப்படலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். இருவகையும் சமமானவை என ஒருங்குறித் தரம் கூறுகிறது. திரையிலும் அச்சிலும் வேறுபாடு தெரியாது. பைட்டு வரிசையிலோ இரண்டும் வேறு. பிரித்தெழுதிய ‘தொகை’ 5 குறிகள், 15 பைட்டுகள், 45 எழுத்துகள் ஆகும். ‘தொல்காப்பியம்’ என்ற பெயர் ஒருமுறையில் 13 குறிகளும் மறுமுறையில் 14 குறிகளும் பெறும்.

ஆப்பிள் நிறுவனம் 1998-இல் அறிமுகப்படுத்திய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்தெழுதிய வடிவிலேயே சேமித்தது. எந்த வடிவில் கேட்டாலும் ஒன்றாகவே கொண்டு கோப்பைத் தந்தது. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமைகள் பைட்டுகளை அப்படியே ஒப்பிடுகின்றன. ஆகவே அத்தகைய மேக் கணினியில் சோதித்தபோது 200 தந்த ‘தொகை’ என்ற பக்கம், கோப்புப் பெயர் மாறாமல் லினக்ஸ் சேவையகத்திற்கு நகலெடுக்கப்பட்டபின் 404 தரும். இணைப்பிலுள்ள பெயரும் கோப்பின் பெயரும் கண்ணுக்கு ஒன்றே, சேவையகத்திற்கு இரண்டு. கோப்பு இருக்கிறது, முகவரியும் சரி, எனினும் விடை ‘இல்லை’. நெறிமுறையின் பொறுப்புப் பகுப்பின்படி இது கேட்டவரின் பிழையாகவே பதிவாகும். கேட்டவரோ யாதொரு பிழையும் செய்யவில்லை. பெயர்களை ஒரே வடிவிற்கு இயல்பாக்கிய பின்னரே பதிவேற்றுவதும், சேவையகம் இயங்கும் அதே வகை இயக்குதளத்தில் சோதிப்பதும் இதற்குரிய தீர்வுகளாகும்.

பொய்யான உடன்பாடும் மேற்கோளின் நம்பகத்தன்மையும்

404-ஐ விடவும் ஆய்வாளரை ஏமாற்றுவது, திரையில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டு எண்ணாக 200 அனுப்பும் பக்கமாகும். இது 1991-இன் நிலைக்குத் திரும்புவதற்கு ஒப்பாகும். உரையைப் படித்தாலன்றிப் பிழை தெரியாது. 2004-இல் பார்-யோசெஃப், ப்ரோடர், குமார், டாம்கின்ஸ் ஆகியோர் வலையின் சிதைவைப் பற்றிய தம் ஆய்வில் இத்தகைய பக்கங்களைக் கண்டறிய ஒரு வழியைக் கையாண்டனர். அதே சேவையகத்தில் நிச்சயமாக இருக்க முடியாத ஒரு முகவரியைக் கேட்டு, அதற்கு வரும் விடையைச் சோதிக்கும் பக்கத்தின் விடையோடு ஒப்பிடுவதே அவ்வழி. உள்ளகக் கணினியில் எவரும் செய்யத்தக்க எளிய சோதனையும் இதுவே.

இதன் விளைவு காப்பகங்களையும் சென்றடைகிறது. இணைய ஆவணங்களைச் சேமிக்கும் வார்க் கோப்பு வடிவம் 2009-இல் ஐ.எஸ்.ஓ. 28500 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. அது பக்கத்துடன் சேவையகம் சொன்ன எண்ணையும் பதிவு செய்கிறது. சேவையகம் 200 எனச் சொன்ன வெற்று அறிவிப்பு, காப்பகத்தில் உண்மையான ஆவணமாகவே இடம்பெறும். ஹார்வர்ட் சட்ட ஆய்விதழில் வெளிவந்த சிட்ரெய்ன், ஆல்பர்ட், லெஸ்ஸிக் ஆகியோரின் ஆய்வு, அவ்விதழிலும் அதனைப் போன்ற இதழ்களிலும் உள்ள இணைய மேற்கோள்களில் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்டவையும், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ளவற்றில் 50 விழுக்காடும் முதலில் சுட்டப்பட்ட செய்தியைத் தரவில்லை எனக் காட்டியது. இங்குக் கருதத்தக்கது, இணைப்பு திறக்கிறதா என்பது அவ்வாய்வின் வினா அன்று. சுட்டப்பட்ட செய்தி கிடைக்கிறதா என்பதே வினா. 200 என்ற எண் முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கும்.

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் முதலாகத் தமிழ் நூல்கள் வலையில் தொகுக்கப்பட்டு வருகின்றன. தமிழாய்வுக் கட்டுரைகள் இணைய முகவரிகளை மூலமாகச் சுட்டுவது இன்று இயல்பாகிவிட்டது. ஆகவே இவ்வினா சட்டத்துறைக்கு மட்டும் உரியதன்று. இதழ்களையும் மின்னூலகங்களையும் நடத்துவோர் தளத்தைப் புதுப்பிக்கும்போது, பழைய முகவரிகளின் பட்டியலை முதலில் தொகுத்து, ஒவ்வொன்றும் 200, 301, 410 ஆகியவற்றுள் எதைச் சொல்ல வேண்டும் என முடிவு செய்து, உள்ளகக் கணினியில் சோதித்த பின்னர் வெளியிடுவது, நூலகத்தின் இருப்புச் சரிபார்ப்புக்கு நிகரான பணி எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. நிலைக்குறியீடுகளின் மூன்று இலக்க வடிவம் 1970களின் கோப்புப் பரிமாற்ற மரபிலிருந்து மாறாமல் வந்தது. எதிர்மறை வகைகளின் பொருள் மட்டும் காலத்திலிருந்து பொறுப்புக்கு மாறியது. அம்மாற்றத்தால் ‘இல்லை’ என்னும் விடை தன் காலக் குறிப்பை இழந்தது. 410 அதனை மீட்கத் தந்த வழி, சேவையகத்தை நடத்துவோர் நினைவில் வைத்துச் செயற்பட்டாலன்றிப் பயன்படுவதில்லை. மனிதருக்கான சொற்றொடர் நெறிமுறையிலிருந்து நீங்கியபின் திரையின் உரையும் எண்ணும் வேறுபடும் வாய்ப்பு உள்ளதால், எண்ணைத் தனியே சோதிப்பது இன்றியமையாததாயிற்று. உள்ளகக் கணினி அதற்குரிய முதற்களம். ஆயினும் எழுத்து வேறுபாடு, ஒருங்குறி வடிவ வேறுபாடு, இடைநிலைச் சேவையகம் ஆகியவை அங்கு மறைந்து நிற்கக்கூடும் என்பதால் அதனையே இறுதிச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஓர் ஆவணம் அழிந்தது என்பதும், அழிந்ததை ஒப்புக்கொள்ளும் பதிவு உள்ளது என்பதும் வரலாற்று ஆய்வில் வெவ்வேறு நிலைகள். இரண்டாவது இருந்தால் தேடலை வேறு திசையில் தொடரலாம். ‘இருந்தது, நீக்கப்பட்டது’ என்று சொல்லத்தக்க எண் நெறிமுறையில் 1997 முதல் உள்ளது. தளத்தை நடத்துவோர் அதனைச் சொல்லச் செய்தால், அடிக்குறிப்பின் முகவரியைத் திறக்கும் ஆய்வாளர் ஆவணத்தைப் பெறாவிட்டாலும் அதற்கு என்ன நேர்ந்தது என்பதையேனும் அறிவார்.